குளிக்க வெந்நீர்: எரிவாயுவா, மின்சாரமா?



புதுவீடு மந்திரிக்கச் செல்லும் இடங்களில் ஞானக் காரியங்களைப் பற்றிக் கேட்பவர்களைவிட, “சாமி, குளியலறையில் காஸ் வைப்பதா, கரண்ட் வைப்பதா? நீங்கள் நாலு வீடு பார்த்தவர்கள், சொல்லுங்கள்” என்று கேட்பவர்களே இப்போது அதிகம். குருமடத்தில் எங்களுக்குத் தத்துவமும் இறையியலும் கற்பித்தார்கள். கீசரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனினும், தீர்த்தம் தெளிப்பதற்காக வீட்டின் எல்லா அறைகளிலும் நுழைகிறவன் என்ற முறையில், இந்தப் பகுதியின் குளியலறைகளை என்னளவு பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். பார்த்தவற்றுள் சில என் தூக்கத்தைக் கெடுத்தன. ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே எழுதுகிறேன்.

நம் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் வெந்நீர் எதற்கு என்று வெளியூரார் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். சித்திரை, வைகாசியில் நண்பகலில் குழாயைத் திறந்தால் கையைச் சுடுகிறது. பச்சைத் தண்ணீருக்குத்தான் நாம் தவங்கிடக்க வேண்டும். ஆயினும் கார்த்திகையிலிருந்து தை முடியும்வரை விடியற்காலைப் பனி இருக்கிறது. பிள்ளை பெற்ற பெண், கைக்குழந்தை, மூட்டு வலியில் வாடும் முதியவர் ஆகியோருக்கு ஆண்டு முழுவதும் வேண்டும். எல்லாருக்கும் மேலாக, பட்டாசு ஆலையிலிருந்து மாலையில் திரும்புகிற தொழிலாளிக்கு வேண்டும். கந்தகமும் வெடியுப்பும் அலுமினியப் பொடியும் படிந்த கைகால்கள் இரண்டு செம்பு பச்சைத் தண்ணீரில் எளிதில் வெளுப்பதில்லை. வெந்நீரும் சோப்பும் அவருக்கு ஆடம்பரம் அல்ல.

முன்பு இதற்கெல்லாம் ஒரே வழிதான் இருந்தது. கொல்லைப்புறத்தில் மூன்று கல், அதன்மேல் ஓர் அண்டா, கீழே சீமைக்கருவேல விறகு. வசதியுள்ள வீடுகளில், நடுவே புகைபோக்கிக் குழாய் செல்லும் செம்புப் பாய்லர் இருந்தது. தேங்காய்ச் சிரட்டையும் கரியும் போட்டால் போதும். அந்த அண்டாவுக்கும் பாய்லருக்கும் இருந்த பெரிய நன்மையை அன்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை: அவை வெட்டவெளியில் இருந்தன. நெருப்பு ஓரிடம், குளியல் வேறிடம். வீடு சிறுத்து, கொல்லை மறைந்து, குளியலறை வீட்டுக்குள் வந்தபோது நெருப்பும் கூடவே உள்ளே வந்துவிட்டது. தொல்லை அங்கேதான் தொடங்கியது.

முதலில் செலவுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். எல்லாரும் கேட்பது அதுதான்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஒரு வாளி 15 லிட்டர் என்றும், மார்கழிக் காலையில் தண்ணீர் 26 டிகிரி என்றும், உடம்புக்கு இதமான சூடு 40 டிகிரி என்றும் கொண்டால், வாளி ஒன்றுக்கு 210 கிலோ கலோரி ஆகிறது. மின்சாரத்தில் ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரி. ஆகவே வாளிக்குக் கால் யூனிட். சமையல் எரிவாயு ஒரு கிலோ ஏறத்தாழ 11,000 கிலோ கலோரி தருகிறது. காஸ் கீசரில் அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரைச் சேரும் என்று கொண்டால் வாளிக்கு 24 கிராம். சமையல் அடுப்பில் பாத்திரம் வைத்துக் காய்ச்சினால் பக்கவாட்டில் சூடு வீணாவதால் 32 கிராம் வரை ஆகும். மூடி போடாமல் காய்ச்சுகிறவர்கள் இன்னும் கூட்டிக்கொள்ளட்டும்.

ஐந்து பேர் உள்ள குடும்பம், நாளுக்கு ஐந்து வாளி, இரண்டு மாதத்துக்கு 300 வாளி. மின்சாரமானால் 75 யூனிட். காஸ் கீசரானால் 7 கிலோ 200 கிராம், அதாவது 14.2 கிலோ சிலிண்டரில் பாதி. சிலிண்டரின் விலையைக் கணக்குக்காக 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்; உங்கள் வீட்டு ரசீதைப் பார்த்து நீங்களே திருத்திக்கொள்ளலாம். காஸ் கீசருக்கு இரண்டு மாதச் செலவு 455 ரூபாய். அடுப்பில் காய்ச்சினால் 600 ரூபாய்க்குச் சற்று மேல்.

மின்சாரத்துக்கு இப்படி ஒரே விலை சொல்ல முடியாது. நம் மாநிலத்தில் வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு போன்றது. 2016 முதல் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலைக் கட்டணப்படி, அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 400 வரை 4 ரூபாய் 70 காசு. 500 வரை 6 ரூபாய் 30 காசு. 500ஐத் தாண்டினாலோ 8 ரூபாய் 40 காசில் தொடங்கி மேலே ஏறுகிறது. அதுமட்டுமல்ல, தாண்டிய வீட்டுக்குக் கீழ்ப்படியில் இருந்த 2 ரூபாய் 35 காசுச் சலுகையும் போய், அந்த 100 யூனிட்டும் 4 ரூபாய் 70 காசாகிவிடுகிறது.

ஆகவே ஒரே 75 யூனிட், மூன்று வீட்டில் மூன்று விலை. விளக்கும் விசிறியும் மட்டும் வைத்து 80 யூனிட்டோடு நிற்கும் வீட்டில் வெந்நீருக்காகக் கூடுவது 130 ரூபாய். 250 யூனிட் எரிக்கும் வீட்டில் 350 ரூபாய். குளிர்சாதனம் வைத்து 450 யூனிட் எரிக்கும் வீட்டில், வெந்நீர் அதை 525க்குத் தள்ளிவிடுவதால், 760 ரூபாய். சிறிய வீட்டுக்கு மின்சாரம் லாபம், பெரிய வீட்டுக்கு எரிவாயு லாபம். மின்அட்டையை எடுத்துப் பார்க்காமல் இரண்டில் ஒன்றைச் சிபாரிசு செய்யும் கடைக்காரரை நம்பாதீர்கள். அவர் தம் கடையில் தேங்கிய சரக்கைத்தான் சிபாரிசு செய்கிறார்.

ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால், மூன்று வீட்டிலும் இரண்டு முறைகளுக்கும் உள்ள வித்தியாசம் மாதம் 200 ரூபாய்க்கு உட்பட்டதே. அதை மிச்சம் பிடிப்பதற்காக நாம் எதைப் பணயம் வைக்கிறோம் என்பதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கில் ஓர் இளம்பெண் குளிக்கச் சென்றவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. தங்கை கூப்பிட்டாள், பதில் இல்லை. கதவை உடைத்துப் பார்த்தபோது நினைவிழந்து கிடந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, சுவரில் காஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது. “காஸ் நாற்றமே இல்லையே சாமி, சிலிண்டர் கசியவில்லையே” என்று அவள் பாட்டியார் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது உண்மை. சிலிண்டர் கசியவில்லை. பெண் பிழைத்தாள், அந்தத் தங்கை பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று கதவைத் தட்டியதால் பிழைத்தாள்.

நடந்தது என்ன என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். எரிவாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே நாற்றமுள்ள ஒரு பொருளைச் சேர்த்து அனுப்புகிறார்கள். எரிந்தபின் அந்த நாற்றம் இல்லை. எரிவதற்குக் காற்று வேண்டும். ஒரு கிலோ எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 13 கனமீட்டர் காற்று, அதாவது 460 கன அடி, வேண்டும். நம் குளியலறைகள் பெரும்பாலும் நாலடிக்கு ஆறடி. உயரம் எட்டடி என்றால் உள்ளே இருக்கும் காற்று 192 கன அடிதான். சிறிய கீசர் முழு வேகத்தில் மணிக்கு 800 கிராம் வரை எரிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அரைமணி நேரத்தில் அந்த அறையின் காற்று முழுவதும் அதற்கே தேவைப்படுகிறது. குளிக்கிறவருக்கு எங்கே மிச்சம்?

காற்று குறையத் தொடங்கியதும் நெருப்பு சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை விடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு ஒட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், குமட்டல்; பிறகு கால்கள் துவண்டுவிடும். ஆபத்து என்று புத்திக்குப் படும்போது எழுந்து தாழ்ப்பாளை நீக்கும் வலு கால்களில் இராது. நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளைப் பலமுறை கண்டு, ‘காஸ் கீசர் நோய்க்குறி’ என்று தனிப்பெயரே இட்டிருக்கிறார்கள். 2023 மார்ச்சில், ஹோலி நாளன்று, உத்தரப்பிரதேசத்தின் காசியாபாத்தை அடுத்த முராத்நகரில் உடம்பில் பூசிய வண்ணப்பொடியைக் கழுவக் குளியலறைக்குச் சென்ற கணவனும் மனைவியும் உயிரோடு திரும்பவில்லை. காஸ் கீசரே காரணம் என்று செய்தித்தாள்கள் எழுதின. பொடியைக் கழுவ நெடுநேரம் குளிப்பவர்கள் என்றதும் எனக்கு நம் ஆலைத் தொழிலாளர்கள்தாம் நினைவுக்கு வந்தார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஐந்து பேர் அடுத்தடுத்துக் குளிக்கும் வீட்டில் முதலில் போகிறவருக்கு ஒன்றும் ஆகாது. அவர் வெளியே வந்து, “நன்றாகத்தானே இருக்கிறது” என்பார். அறையின் காற்று ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, கடைசியில் போகிறவர்மேல் முழு நஞ்சும் விழுகிறது. நம் வீடுகளில் கடைசியில் குளிக்கிறவர் யார் என்று நான் சொல்லவேண்டுமா? எல்லாரையும் அனுப்பிவிட்டுப் போகிற தாய்தான். 20 நிமிடத்தில் தானே அணையும் அமைப்பு பல கீசர்களில் உண்டு என்பது உண்மை. குழாயை மூடித் திறந்தால் அது மறுபடி எரியும் என்பதும் உண்மை.

இதிலே எனக்கு வியப்பு என்னவென்றால், நெருப்போடு பழகுவதில் உலகிலேயே தேர்ந்தவர்கள் நம் மக்கள். பட்டாசு ஆலையில் மருந்து அறைக்கு ஏன் இத்தனை வாசல் என்று கேட்டால் சிறுபிள்ளையும் சொல்லும். அங்கே இத்தனை பேருக்குமேல் உட்காரக் கூடாது, மின்விளக்குக் கூடாது, பகல் வெளிச்சத்தில்தான் வேலை என்றெல்லாம் கட்டுப்பாடு. பட்டாசுக்கு உரிமம் கொடுக்கும் வெடிபொருள் துறை 1898இல் தொடங்கியது. நாகபுரியில் தலைமை அலுவலகம், சிவகாசியிலும் ஓர் அலுவலகம். அதே துறைதான் காஸ் சிலிண்டரையும் கண்காணிக்கிறது. பட்டாசுக்கு 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள். சிலிண்டருக்கு 2016ஆம் ஆண்டு விதிகள். ஆக, அரசாங்கத்தின் கண்ணில் இரண்டும் உடன்பிறப்புகள். நாமோ ஆலையில் பல வாசல் கேட்டுவிட்டு, வீட்டில் ஒற்றைக் கதவுள்ள அறையில் நெருப்பை வைத்து, உள்ளே தாழ்ப்பாளும் போட்டுக்கொள்கிறோம். சில வீடுகளில் சிலிண்டரும் உள்ளேயே நிற்கிறது!

காஸ் கீசரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மின்வெட்டிலும் வேலை செய்யும். பெரிய குடும்பத்துக்குச் சிக்கனம். ஆனால் அது குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான திறந்த இடத்தில் இருக்கட்டும். சூடான தண்ணீர் மட்டும் குழாய்வழியே உள்ளே வரட்டும். மேல்தொட்டி தாழ்வாக இருந்தால் நீரழுத்தம் போதாமல் கீசர் பற்றிக்கொள்ளாது. வாங்குமுன் அதையும் விசாரியுங்கள். ஒரு சிலிண்டரிலிருந்து அடுப்புக்கும் கீசருக்கும் குழாய் பிரிக்கும் வேலையைத் தெருவில் போகிற ஆளிடம் கொடுக்காமல் விநியோகஸ்தரின் ஆளைக்கொண்டே செய்யுங்கள். கசிவு நாற்றம் வந்தால் 1906; ஆள் மயங்கிக் கிடந்தால் முதலில் கதவு சன்னல்களைத் திறந்து வெளிக்காற்றில் கிடத்தி, காஸை மூடி, 108.

இனி மின்சாரம். இதில் மிக மலிவானது வாளியில் மூழ்க வைக்கும் ஹீட்டர் கம்பி. மிகுந்த ஆபத்தானதும் அதுவே. 1,500 வாட் கம்பி ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதை விசிறிக்கு உரிய சிறிய பிளக்கில் சொருகி, மரப்பெட்டியில் நீட்டிய ஒயரை ஈரத்தரையில் போட்டு, சூடு ஏறிவிட்டதா என்று விரலைவிட்டுப் பார்க்கிறோம். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றிய பிறகே தண்ணீரைத் தொடவேண்டும். இதைக் குழந்தைகள் உள்ள வீட்டில் ஆயிரந்தடவை சொன்னாலும், ஆயிரத்தோராவது தடவை மறந்துபோகும். ஆகவேதான் எனக்கு இந்தக் கம்பியைக் கண்டால் பிடிப்பதில்லை. வேறு வழியில்லாதவர்கள் பிளாஸ்டிக் வாளியில், எட்டாத உயரத்தில், பூட்டுகிற அறையில் வைத்துக்கொள்ளட்டும்.

சுவரில் பொருத்தும் மின் கீசர் அதைவிட எவ்வளவோ மேல், ‘எர்த்’ சரியாக இருந்தால். ‘எர்த்’ என்றால் என்ன என்று ஆலைத் தொழிலாளிக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மருந்து அறைக்குள் போகுமுன் செம்புத் தகட்டில் கையை வைத்து, உடம்பிலுள்ள மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்பிவிட்டுத்தானே உள்ளே கால் வைக்கிறீர்கள்? வீட்டிலே கீசரின் இரும்பு உடலுக்கும் அந்தத் தகடு வேண்டும். பல வீடுகளில் மூன்று துளைப் பிளக் இருக்கிறது. மேல் துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. அதோடு, மெயின் பலகையில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் ஒன்று வைத்துவிட்டால், கசிவு ஏற்பட்ட நொடியிலேயே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கீசர் வாங்கப் பணமுண்டு, தடுப்பானுக்கு இல்லை என்பவர்கள் கீசரைத் தள்ளி வைக்கட்டும்.

மின் கீசரின் அடியில் சொட்டுவிடும் சிறிய வால்வைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் ஒழுகுகிறதே என்று அதை அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். திறந்துகிடக்கும் மருந்து குபீரென்று எரிந்து அடங்கும். அதையே காகிதத்தில் இறுக்கிச் சுற்றினால்தான் வெடி. நம் ஊரில் இதைத் தெரியாதவர் யார்? அந்த வால்வு, கீசர் வெடியாக மாறாதிருக்க வைத்த வழி. அதை அடைக்காதீர்கள்.

நம் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பும் கடினமும் மிகுந்தது. அதைக் காய்ச்சினால் கம்பியின்மேல் சுண்ணாம்பு பொருக்கு கட்டும். சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பியையே எரித்துவிடும். ஆண்டுக்கொரு முறை கழற்றிச் சுத்தம் செய்யவேண்டும். காஸ் கீசரின் குழாய்களுக்கும் இதே கதிதான்.

இத்தனையும் சொல்லிவிட்டு, இரண்டும் இல்லாத மூன்றாவது வழியை விட்டுவிடலாகாது. வெயிலை மற்ற ஊர்க்காரர்கள் பணம் கொடுத்துத் தேடுகிறார்கள். நமக்கு அது வேண்டாமென்றாலும் விடுவதில்லை. மாடியில் இடமும் கையில் பணமும் உள்ளவர்கள் சூரியவெப்ப நீர்க்கலன் வைக்கலாம். இல்லாதவர்கள், குழந்தைக்கு ஊற்றுவதற்காக நம் தாய்மார்கள் பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீரை வெயிலில் வைப்பார்களே, அதையே செய்யலாம். கறுப்பு வாளியில் மூடிபோட்டுக் காலை பத்து மணிக்கு வெயிலில் வைத்தால், மாலையில் ஆலையிலிருந்து வருகிறவருக்கு இதமான தண்ணீர் தயார். காலைக் குளியலுக்கு இது உதவாதுதான். ஆனால் மருந்துப் பொடியைக் கழுவும் குளியல் மாலையில்தானே!

அந்த மாலைக் குளியலைப் பற்றி மனைவியருக்கு ஒன்று சொல்லவேண்டும். ஆலை உடுப்போடு யாரையும் அடுப்பருகே விடாதீர்கள். “தண்ணீர் காய்ந்துவிட்டதா?” என்று கேட்டுக்கொண்டே அவர் அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்ப்பார், அவருடைய சட்டை மடிப்பில் இருக்கும் பொடி, எரிகிற அடுப்பைப் பார்க்க வேண்டிய பொருள் அல்ல. உடுப்பை வாசலிலேயே மாற்றி, தனியே நனைத்து வைத்து, பிறகு குளிக்கட்டும். வேலைக்குப் போகிறவள் மனைவியே என்றால், வந்ததும் வராததுமாக அவளை அடுப்பு மூட்ட அனுப்பாதீர்கள்; குளித்து வரும்வரை கணவர் அடுப்பைப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, லைன் வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் அன்பர்களுக்கு. எட்டுக் குடும்பத்துக்கு இரண்டு குளியலறை கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த அறைகளின் சுவரில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக அடைக்க முடியாத இரண்டு காற்றுத்துளைகள் உண்டா? எட்டு வீட்டுக்கும் மின்கசிவுத் தடுப்பான் உண்டா? வாடகைக்கு இருப்பவர் கேட்கத் தயங்குவார். கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்வீர்களோ என்று அஞ்சுவார். ஒரு வீட்டுக்குத் தடுப்பான் பொருத்தும் செலவு பெரும்பாலும் ஒரு மாத வாடகைக்குள் அடங்கிவிடும். கொத்தனாருக்குத் துளையிட அரைநாள் வேலை. மார்கழி பிறக்குமுன் முடித்துவிடுங்கள். நான் வீடு சந்திக்க வரும்போது குளியலறையையும் எட்டிப் பார்ப்பேன்.